ஒரு குண்டு சாட்சி ஆகாது

போன மாசம் தங்கச்சி மகன் வீட்டுக்கு வந்திருந்தான். பாளையங்கோட்டையில காலேஜ் படிக்கான், என்.சி.சி.யில இருக்கான். வாழைக்குத் தண்ணி பாய்ச்சிட்டு வரப்புல உக்காந்திருந்தப்போ செல்போன்ல ஒரு படம் காட்டினான். ஒரு அட்டை, அதுல இடது பக்கம் கீழே அஞ்சு ஓட்டை, கிட்டத்தட்ட ஒட்டி ஒட்டி.

"மாமா, பாயின்ட் டூ டூ ரைபிள். 25 மீட்டர். அஞ்சு குண்டும் என் உள்ளங்கைக்குள்ள அடங்கிரும்."

"நடுவுல ஒண்ணுகூட படலையே. அப்புறம் என்னலே பெருமை?"

"நடுவுல ஒண்ணு பட்டு மீதி நாலும் நாலு திசைக்குப் போன பையனைத்தான் மாமா சார் திட்டினாரு. எனக்கு சரின்னுட்டாரு. எல்லாம் ஒரே இடத்துல விழுந்தா போதும். அதை நடுவுக்குக் கொண்டு வர்றது சைட்டைத் திருப்புற வேலைதானாம். இதுக்குப் பேரு குரூப்பிங்."

அவன் சாதாரணமாச் சொல்லிட்டுப் போயிட்டான். எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. களக்காட்டுப் பக்கம் இருந்த என் தாய்மாமா ஞாபகம் வந்துட்டு.

மாமாவுக்கு மலையடிவாரத்துல ரெண்டு ஏக்கர் வாழை, கொஞ்சம் மரவள்ளி. பன்னித் தொல்லை உள்ள இடம். பயிர்க் காவலுக்குன்னு லைசென்ஸ் வாங்கின துப்பாக்கி ஒண்ணு வச்சிருந்தாரு. வாய் வழியா மருந்து கொட்டி, துணி வச்சு, உருண்டை போட்டு, கம்பியால இடிச்சுக் கெட்டிக்கிற சாதி. எனக்கு 14 வயசு இருக்கும்போது முழுப்பரீட்சை லீவுக்குப் போயிருந்தேன். ஒரு நாள் காலையில, எட்டி நிக்கிற வேப்பமரக் கிளையில கட்டியிருந்த தேங்காயைக் காட்டி, "பாருலே"ன்னு சொல்லி ஒரே வேட்டு. தேங்காய் சிதறிப் போச்சு. களத்துல நின்ன அத்தனை பேரும் கை தட்டினோம். மாமா மீசையைத் தடவிக்கிட்டாரு. ஒரு வாரம் அதே பேச்சு.

அந்த வாரக் கடைசியில ராத்திரி பன்னி இறங்கிச்சு. டார்ச் வெளிச்சத்துல மாமா சுட்டாரு. பன்னி ஓடிருச்சு. குண்டு பட்டது பன்னியை விரட்டிக்கிட்டுப் போன அவரோட நாய் மேல. எட்டு வருஷமா அவர் கட்டிலுக்குக் கீழே படுத்த நாய்.

அதுக்கு மறுநாள் மாமா செஞ்ச காரியத்தைக் கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் பழைய கதை சொல்லணும். என் மருமகன் காட்டின அந்த அஞ்சு ஓட்டைக்குப் பின்னாடி ஒரு பெரிய சரித்திரம் இருக்கு. அதுல முக்கியமான பங்கு நம்ம தமிழ்நாட்டுக் கடலூருக்கு உண்டு.

முதல்ல விஷயம் என்னன்னு பார்ப்போம். தோட்டாங்கிறது நாலு சாமான் சேர்ந்தது. பித்தளைக் கூடு, அடியில பொறி தட்டுற கேப்பு, உள்ளே மருந்து, வாயில குண்டு. அமெரிக்கா, ஐரோப்பா பக்கம் போட்டிக்குச் சுடுறவங்கள்ல பலபேர் கடைத் தோட்டாவை அப்படியே எடுத்துச் சுடுறதில்ல. கூடு, மருந்து, குண்டு எல்லாம் தனித்தனியா வாங்கித் தாங்களே நிரப்பிக்கிறாங்க. மருமகன் காட்டின வீடியோவுல ஒரு வயசான ஆளு ஒவ்வொரு குண்டையும் தராசுல வச்சு எடை வாரியா பிரிக்கிறாரு. கூட்டோட நீளத்தை அளந்து ஒண்ணுபோல வெட்டுறாரு. மருந்தை ஆசாரி பொன் நிறுக்கிற மாதிரி நிறுக்கிறாரு. பிறகு சுடுதளத்துக்குப் போய், மணல்மூட்டை மேல துப்பாக்கியை வச்சு, 100 கெஜத்துல அஞ்சு சுடுறாரு. அட்டைகிட்டப் போய் ரொம்பத் தள்ளி விழுந்த ரெண்டு ஓட்டைக்கு நடுவுல எவ்வளவு இடைவெளின்னு அளந்து நோட்டுல எழுதுறாரு. மருந்தை ஒரு துளி மாத்தித் திரும்ப அஞ்சு. நாள் பூரா இதே சோலிதான். 100 கெஜத்துல அஞ்சும் ஒரு அங்குலத்துக்குள்ள அடங்கினா நல்ல தோட்டான்னு கணக்கு.

இதை 'மேட்ச்' குண்டுங்கிறாங்க. நம்ம கோவில்பட்டிக்காரங்களுக்கு மேட்ச் கம்பெனின்னா தீப்பெட்டிக் கம்பெனி. இங்கே மேட்ச்னா போட்டி.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? மருந்து ஒருதரம் கூடி ஒருதரம் குறைஞ்சா குண்டோட வேகம் மாறும். வேகம் மாறினா எதிரே போய் விழுற உயரம் மாறும். குண்டு ஒரு பக்கம் கனமா இருந்தா ஆடிக்கிட்டே போகும். இது எல்லாத்துக்கும் மேல காத்து. ஆடி மாசம் நம்ம பக்கம் கச்சான் அடிக்கிறப்போ முறத்துல நெல்லு தூத்தினா பதர் எங்கே போய் விழுது? அதே மாதிரி குண்டையும் காத்து தள்ளும். காத்து நம்ம கையில இல்ல. எடையும் அளவும் நம்ம கையில இருக்கு. அதனால கையில இருக்கிறதையாவது ஒண்ணுபோல வச்சுக்கன்னு சொல்ற வித்தை அது.

அந்த மருந்தை நிறுக்கிற எடைக்குப் பேர் 'கிரெயின்'. அப்படீன்னா தானியம்னு அர்த்தம். பார்லி மணி ஒண்ணோட எடையில இருந்து வந்த அளவு. 7,000 கிரெயின் ஒரு பவுண்டு. நம்ம பழைய கணக்கும் அதே மாதிரிதானே? நாலு நெல்லெடை ஒரு குன்றிமணி, ரெண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. பொன்னானாலும் வெடிமருந்தானாலும் துல்லியமா நிறுக்கணும்னு வந்தப்போ மனுஷன் கைநீட்டி எடுத்தது சம்சாரி விளைவிச்ச மணியைத்தான்.

இப்போ கடலூருக்கு வருவோம்.

1690-ஆம் வருஷம். செஞ்சியில இருந்த மராட்டியர்கிட்ட இங்கிலீஷ் கம்பெனிக்காரங்க கடலூர் பக்கம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கினாங்க. அதுதான் பின்னால செயின்ட் டேவிட் கோட்டை. வாங்கினதுல ஒரு விசித்திரமான ஷரத்து. கோட்டையில இருந்து பீரங்கி சுட்டா குண்டு எவ்வளவு தூரம் போய் விழுதோ, அந்த வட்டத்துக்குள்ள இருக்கிற நிலமெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். அப்போ சென்னையில கவர்னரா இருந்தவர் எலிஹு யேல். சென்னையில இருந்து நல்ல பீரங்கியும் அதைச் சுடத் தெரிஞ்ச ஆளும் போனாங்க. எப்படி நிரப்பி எப்படிச் சுட்டா அதிக தூரம் போகுமோ, அது பீரங்கிக்காரன் சாமர்த்தியம்னு எழுதி அனுப்பினாங்களாம். அந்த வருஷம் செப்டம்பர்ல திசைக்குத் திசை சுட்டாங்க. குண்டு எல்லைக்குள்ள வந்த ஊர்களெல்லாம் கம்பெனி ஊர். அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமம்னே பேர் வந்துச்சு. இன்னிக்கும் கடலூர் பக்கத்துல குண்டு உப்பலவாடின்னு ஊர் இருக்கு.

ஒரு சம்சாரியா இதைப் படிச்சப்போ எனக்கு வயிறு கலங்கிச்சு. சர்வேயர் சங்கிலி பிடிச்சு அளந்து ஒரு முழம் தள்ளிப் போனாலே நாம கோர்ட்டுக்குப் போறோம். அங்கே பீரங்கிக்காரன் ஒரு படி மருந்து கூடப் போட்டிருந்தா கூட ரெண்டு ஊர் கைமாறியிருக்கும். நாத்து நட்டுக்கிட்டிருந்தவனுக்கு யார் ஆட்சியில நிக்கோம்னு தலைக்கு மேல போன சத்தத்தை வச்சுத்தான் தெரிஞ்சிருக்கும். அந்தக் காலத்துத் துப்பாக்கிச் சோதனைன்னா அதுதான். எவ்வளவு தூரம் போகும்? அது ஒண்ணுதான் கேள்வி. எங்கே போய் விழும்னு எவனும் கேக்கல.

அந்தக் கேள்வியைக் கேட்ட மனுஷன் அறுபது வருஷம் கழிச்சு அதே கோட்டைக்கு வந்தாரு. பேரு பெஞ்சமின் ராபின்ஸ். 1707-ல இங்கிலாந்துல பாத் நகரத்துல பிறந்தவர், கணக்குல புலி. 1742-ல பீரங்கி வித்தையைப் பத்தி ஒரு புத்தகம் போட்டாரு. அதுக்கு முன்னாடி குண்டு எவ்வளவு வேகமா போகுதுன்னு யாராலயும் நேரா அளக்க முடியல. கண்ணால பார்க்க முடியாததை எப்படி அளக்கிறது? இவர் ஒரு கனமான மரக்கட்டையை ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டாரு. குண்டை அதுல சுட்டாரு. கட்டை எவ்வளவு தூரம் பின்னால ஆடுதுன்னு அளந்து, குண்டு எடையையும் கட்டை எடையையும் வச்சு வேகத்தைக் கணக்குப் போட்டுட்டாரு. நம்ம வீட்டுத் தூளியை வச்சு விளக்கிடலாம், அவ்வளவு எளிமை.

அப்படி அளந்து பார்த்தப்போ, குண்டை எதிர்க்கிற காத்தோட பலம் அதுவரைக்கும் பெரிய பெரிய ஆளுங்க நினைச்சதைவிட ரொம்ப அதிகம்னு தெரிஞ்சுது. அடுத்து இன்னொரு சோதனை. ஒரு துப்பாக்கிக் குழல் முனையை இடது பக்கமா லேசா வளைச்சாரு. எதிரே வரிசையா மெல்லிய காகிதத் திரை கட்டினாரு. சுட்டா ஒவ்வொரு திரையிலயும் ஒரு ஓட்டை விழும். அந்த ஓட்டைகளை வச்சு குண்டு போன பாதையைப் பார்த்தாரு. முதல்ல இடது பக்கம் போன குண்டு, போகப் போக வலது பக்கமா வளைஞ்சிருந்துச்சு. உருண்டைக் குண்டு குழலுக்குள்ள உரசி இஷ்டத்துக்குச் சுத்துது, அந்தச் சுத்துதான் அதைத் திசை மாத்துதுன்னு நிரூபிச்சுட்டாரு. கிரிக்கெட் பார்க்கிறவங்களுக்கு இது லேசாப் புரியும். ஸ்பின் பந்து காத்துலயே திரும்புதுல்ல, அதே சங்கதி.

அப்போ வழி என்ன? குழலுக்குள்ள சுருள் மரை வெட்டி, குண்டை நம்ம சொல்படி ஒரே மாதிரி சுத்த விடணும். அதுதான் ரைபிள். எந்த நாடு இதைச் சரியாப் புரிஞ்சுக்கிட்டுத் தன் படைக்குக் கொண்டு வருதோ, அது மத்த நாடுகளைவிட மேலே போயிரும்னு 1747-லயே சொல்லிட்டாரு.

அந்த மனுஷனைக் கம்பெனி தன் கோட்டைகளைச் செப்பனிடுற தலைமை எஞ்சினியரா நம்ம ஊருக்கு அனுப்பிச்சு. சென்னையைப் பிரெஞ்சுக்காரன் 1746-ல பிடிச்சு 1749-லதான் திருப்பிக் கொடுத்திருந்தான். 1750-ல ராபின்ஸ் வந்து இறங்கினாரு. ஒரு வருஷம்தான். காய்ச்சல்ல விழுந்து, 1751 ஜூலை 29-ஆம் தேதி செயின்ட் டேவிட் கோட்டையிலயே செத்துப் போனாரு. வயசு 44. தூரத்தை மட்டும் பார்த்து ஊரை வளைச்ச பீரங்கி நின்ன அதே இடத்துல, குறின்னா என்னன்னு உலகத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்டினவன் மூச்சு அடங்கிச்சு.

அவர் சொன்னதை அவர் நாடே உடனே கேக்கல. கம்பெனிச் சிப்பாய் கையில அதுக்கப்புறம் நூறு வருஷம் போலவும் மரை இல்லாத வழுவழுக் குழல் துப்பாக்கிதான். குழலைவிட உருண்டை கொஞ்சம் சின்னது. அதனால உள்ளே தட்டித் தட்டித்தான் வெளியே வரும். நூறு கெஜத்துக்கு அப்பால நிக்கிற ஒரு ஆளைக் குறி வச்சு அடிக்கிறது அதிர்ஷ்டம்தான். அந்தத் துப்பாக்கியோடதான் நம்ம பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்தாங்க. 1799 செப்டம்பர் 5-ல பானர்மேன் மண்கோட்டையை முட்டிப் பார்த்துத் தோத்தான். கட்டபொம்மனை அக்டோபர் 16-ல கயத்தாறுல தூக்குல போட்டாங்க. 1801-ல ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில இருந்து தப்பி வந்து, இடிச்ச கோட்டையைத் திரும்பக் கட்டினாரு. மார்ச் 31-ல மறுபடியும் கம்பெனிக்குத் தோல்வி. கனத்த பீரங்கிகளைக் கொண்டு வந்து மே 24-லதான் பிடிக்க முடிஞ்சுது.

அதுக்குப் பிறகு ஊர் ஊரா ஆயுதம் பறிச்சாங்க. 1801 டிசம்பர் 1-ஆம் தேதி அறிவிப்பு போட்டு, பாளையக்காரங்களும் அவங்க ஆட்களும் ஆயுதம் வச்சிருக்கக் கூடாதுன்னு ஆச்சு. 1878-ல நாடு முழுக்க ஆயுதச் சட்டம். இந்தியன் துப்பாக்கி வச்சிருக்க லைசென்ஸ் வேணும். சுதந்திரத்துக்கு அப்புறம் 1959-ல வந்த சட்டத்துல சம்சாரிக்கு ஒரு சின்ன ஜன்னல் திறந்து வச்சாங்க. பயிர்க் காவலுக்குன்னா வாய் வழியா கெட்டிக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்கலாம். என் மாமா கையில இருந்தது அந்த ஜன்னல் வழியா வந்தது. ஆனா பாருங்க, 1742-லயே ராபின்ஸ் இது நேராப் போகாதுன்னு கணக்குப் போட்டுக் காட்டின அதே வழுவழுக் குழல், அதே உருண்டை. 240 வருஷம் கழிச்சு களக்காட்டு வாழைத் தோட்டத்துல அதை நம்பித்தான் மாமா நின்னாரு.

ரைபிளுக்குப் போட்டின்னு முறையா வந்தது 1860-ல. லண்டன் பக்கம் விம்பிள்டன்ல ஜூலை 2-ஆம் தேதி விக்டோரியா மகாராணி முதல் வேட்டைச் சுட்டாங்க. அவங்க குறி பார்க்கவே இல்ல. இரும்புத் தாங்கியில துப்பாக்கியை முன்கூட்டியே பூட்டி நேராக்கி வச்சிருந்தாங்க. ராணி கயித்தை இழுத்தாங்க, அவ்வளவுதான். 400 கெஜத்துல நடுப்புள்ளியில இருந்து ஒன்றரை அங்குலத்துக்குள்ள பட்டுச்சு. ராணி கைராசி ஒண்ணும் இல்ல. துப்பாக்கி ஒழுங்கா செஞ்ச துப்பாக்கி.

அதைச் செஞ்சவர் ஜோசப் விட்வொர்த். இந்தப் பேரை நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. ஆனா உங்க வீட்டு மோட்டார் பம்புக்குப் போற ஜி.ஐ. பைப்போட மரை அவர் வகுத்த அளவுல இருந்து வந்ததுதான். ஒரு கடையில வாங்கின பைப்பும் வேற கடையில வாங்கின காலரும் சண்டை போடாம மாட்டுதுல்ல? எல்லா மரையும் ஒரே அளவுல இருக்கணும்னு 1841-ல பிடிவாதமா நின்ன ஆளு அவர். அதே பிடிவாதத்தைத்தான் துப்பாக்கியிலயும் காட்டினாரு.

இனி கடைசியா ஒரு தடவை கடலூர். 1999-ல அங்கே ஒரு பொண்ணு பிறந்தா. இளவேனில் வாலறிவன். வளர்ந்தது குஜராத்துல. 10 மீட்டர் ஏர் ரைபிள்ல 2019-ல ரியோ உலகக் கோப்பையில தங்கம் வாங்கினா. டோக்கியோ ஒலிம்பிக்ஸ், 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் ரெண்டுலயும் நம்ம நாட்டுக்காகச் சுட்டா. அந்தப் போட்டியில நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். சுடுற குண்டே நாலரை மில்லிமீட்டர். அதாவது குண்டைவிடப் புள்ளி சின்னது. ஒரு கடுகு அளவுகூட இல்லாத புள்ளியை 60 தடவை நிதானமா அடிக்கணும். பாரிஸ்ல தகுதிச் சுற்றுல அவ எடுத்தது 654-க்கு 630.7. இறுதிச் சுற்றுக்கு 8 பேர்தான். அவளுக்கு 10-வது இடம்.

இந்த ஏர் ரைபிள்காரங்க மருந்து நிரப்புறதில்ல, காத்து அழுத்தம்தான். ஆனா குண்டுச் சோதனை அவங்களுக்கும் உண்டு. துப்பாக்கியை அசையாம பூட்டி வச்சு, ஒவ்வொரு தயாரிப்புக் குண்டையும் சுட்டுப் பார்த்து, எந்த வரிசைக் குண்டு நெருக்கமா விழுதோ அதையே மொத்தமா வாங்கி வச்சுக்கிறாங்க. ராபின்ஸ் காகிதத் திரை கட்டின அதே புத்திதான் இது.

இப்போ மாமா கதைக்கு வர்றேன்.

நாயைப் புதைச்ச மறுநாள் சாயங்காலம் மாமா ஒரு சாக்கை எடுத்தாரு. பனைமரத்துல ஆணி அடிச்சு விரிச்சுக் கட்டினாரு. நடுவுல கரியால ஒரு வட்டம். தேங்காய் தொங்கின அதே தூரத்துல வந்து உக்காந்தாரு. துப்பாக்கியை உமி மூட்டை மேல வச்சாரு. எப்பவும்போல உள்ளங்கையில கண்ணளவா மருந்தைக் கொட்டிக் கெட்டிச்சு, ஒவ்வொண்ணா ஆறு தடவை சுட்டாரு. நான்தான் போய்ச் சாக்கைக் கழட்டிக் கொண்டு வந்தேன். வட்டத்துக்குள்ள ஒண்ணு. மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு, ஓரத்துல ரெண்டு. ஆறாவது சாக்குலயே படல.

மாமா அந்தச் சாக்கை மடியில விரிச்சு வச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தாரு. பிறகு, "நான் தேங்காயை அடிக்கலடே. அதுவா போய்ப் பட்டுருக்கு"ன்னாரு. வேற ஒண்ணும் பேசல.

அதுக்கப்புறம் அவர் உருண்டை போட்டுச் சுட்டதே இல்ல. பன்னி வந்தா வெத்து வேட்டுதான், சத்தத்துக்கு. 1972-லயே வனவிலங்குச் சட்டம் வந்திருந்தாலும் ஊருக்குள்ள அது மெதுவாத்தான் வந்துச்சு. மாமாவைப் பொறுத்தவரை அந்தச் சாக்குதான் சட்டம். அவர் இறந்த பிறகு வீட்டு ஆட்கள் துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டாங்க.

நான் துப்பாக்கி தொட்டதில்ல. ஆனா அந்தச் சாக்கு எனக்கு விவசாயத்துல இன்னிக்கும் உதவுது. புது விதை வந்தா ஒரு பிடி அள்ளி, பார்த்துப் பொறுக்காம 100 மணி எண்ணி, ஈரச் சாக்குல சுருட்டி வச்சு முளைப்பு எண்ணுவேன். மருந்துக் கடைக்காரர், "இதை அடிச்ச ஒருத்தருக்குத் தார் எப்படி விட்டிருக்கு பாருங்க அண்ணாச்சி"ன்னு போட்டோ காட்டுவாரு. நான், "மீதி வாழையைக் காட்டும்"னு கேப்பேன். அவருக்குக் கோவம் வரும். சிதறின தேங்காயை எல்லாருக்கும் காட்டலாம். ஆறு ஓட்டை விழுந்த சாக்கைக் காட்ட மனசு வராது. ஆனா உண்மை சாக்குலதான் இருக்கு.

எங்க ஊர்ல சூரசம்ஹாரத்துக்குக் கடற்கரை கொள்ளாத கூட்டம் வரும். முருகன் வேலுக்குக் குறி தப்பாது, அது சாமி. நமக்கு அந்த வரம் கிடையாது. நாம அஞ்சு தடவை சுட்டு அளந்துதான் பார்க்கணும்.

கடலூர்க்காரங்க யாராவது இதைப் படிச்சா, குண்டு கிராமங்களைப் பத்தி உங்க வீட்டுப் பெரியவங்க ஏதாவது சொல்லக் கேட்டிருந்தீங்கன்னா எழுதுங்க. மருமகன்கிட்டயும் காட்டணும். அடுத்த தடவை அவன் வரும்போது அந்த அட்டையைக் கையோட கொண்டு வரச் சொல்லியிருக்கேன்.